ஒரே பானையில் முப்பது பருக்கை: வகுப்பறைத் தரவும் ரிக்ரெஷன் கணக்கும்



செயலாய்வு அறிக்கை எழுதும் காலம் வந்துவிட்டால் வாட்சாப்பில் தவறாமல் ஒரு செய்தி வரும். "டீச்சர், எஸ்பிஎஸ்எஸ்-ல போட்டுப் பார்த்தேன், பி-மதிப்பு 0.002 வந்திருக்கு. நம்ம முறை ஜெயிச்சிருச்சு தானே?" பதில் சொல்வதற்கு முன் நான் ஒன்று கேட்பேன்: "எத்தனை வகுப்பு?" பெரும்பாலும் வரும் பதில், "ரெண்டு."

இதே கேள்வியை என்னிடமும் ஒருவர் கேட்டார். டிப்ளோமா படித்தபோது படிவம் நான்கில் இரண்டு குழுக்களை எடுத்துக்கொண்டேன். ஒன்றுக்குக் குமிழி வரைபடம் கொண்டு கட்டுரை கற்பித்தேன், மற்றொன்றுக்கு வழக்கமான முறை. புதிய முறைக் குழுவின் புள்ளிகள் நன்றாகவே கூடியிருந்தன. கணினியும் 'குறிப்பிடத்தக்க வேறுபாடு' என்று சொன்னது. எல்லா இடைநிலைப்பள்ளிகளுக்கும் இம்முறையைப் பரிந்துரைக்கிறேன் என்று கடைசி அத்தியாயத்தில் எழுதிவிட்டேன். நேர்முகத்தில் தேர்வாளர் அமைதியாகக் கேட்டார்: "ஒரு குழுவுக்குக் காலையில் முதல் பாடம், இன்னொன்றுக்கு மதியம் இரண்டு மணி. இதில் எது முறையின் பலன், எது தூக்கத்தின் பலன்?" எனக்குப் பதில் வரவில்லை. அதைவிடச் சங்கடம் என்னவென்றால், என் பரிந்துரையை நம்பி ஒரு தோழி தன் ஆண்டுத் திட்டத்தையே ஏற்கெனவே மாற்றியிருந்தார்.

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்கிறோம். அந்தப் பானைக்கு அது சரிதான். ஆனால் ஊரில் எல்லார் வீட்டிலும் சோறு வெந்திருக்கிறதா என்று அறிய, ஒரே பானையிலிருந்து முப்பது பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தால் போதுமா? முப்பதும் அந்த ஒரே பானையைப் பற்றித்தான் பேசும். ஒரு வகுப்பின் முப்பது மாணவர்களும் ஏறக்குறைய அப்படித்தான். ஒரே ஆசிரியர், ஒரே பாடவேளை, பலர் ஒரே தாமானில் வளர்ந்தவர்கள், சிலர் ஒரே டியூஷன். இவற்றால் அவர்களுடைய புள்ளிகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். இப்படிக் குழுக்குழுவாகச் சேர்ந்து கிடக்கும் விவரங்களைத்தான் கொத்துத் தரவு என்கிறோம்.

ரிக்ரெஷன் என்பது மலாய்ப் பாடநூலில் ரெக்ரெசி, தமிழ் நூல்களில் தொடர்புப் போக்கு. கூடுதல் கணிதம் எடுத்த மாணவர்கள் வரைபடத் தாளில் சிறந்த நேர்க்கோடு போட்டிருப்பீர்கள், அதன் அண்ணன்தான் இது. சாதாரண ரிக்ரெஷன் ஒரு நிபந்தனையோடு வருகிறது: கோடு விளக்காமல் விட்ட மிச்சப் பகுதி, ஒரு மாணவருக்கும் இன்னொரு மாணவருக்கும் சம்பந்தமில்லாமல் இருக்க வேண்டும். தேர்வில் 'ரிக்ரெஷனின் எடுகோள்கள் யாவை' என்று கேட்டால் நேர்கோட்டுத் தொடர்பு, சம பரவல், இயல்நிலைப் பரவல் என்று மாணவர்கள் கடகடவென எழுதுவார்கள். சாராமையை மறந்துவிடுவார்கள். வகுப்பறை ஆய்வில் முதலில் உடைவது அதுதான்.

உடைந்தால் என்ன ஆகும்? கோட்டின் சாய்வு பெரிதாகத் தடம் புரளாது. திட்டப்பிழைதான் பொய் சொல்லும், உண்மையில் இருப்பதைவிடச் சிறியதாகக் காட்டும். திட்டப்பிழை சிறுத்தால் பி-மதிப்பும் சிறுக்கும். இல்லாத வெற்றி இருப்பது போலத் தோன்றும்.

கல்வி ஆய்வில் இது பெரிய அளவில் நடந்த கதை ஒன்று உண்டு. 1976-இல் இங்கிலாந்தின் நெவில் பென்னட், கற்பிக்கும் பாணியையும் மாணவர் முன்னேற்றத்தையும் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள்தான் ஆய்வில் இருந்தவர்கள். கட்டுக்கோப்பான பழைய பாணியில் படித்த பிள்ளைகள் அதிகம் முன்னேறினார்கள் என்பது அதன் முடிவு. நாடெங்கும் பெரிய விவாதம். நவீன முறைகளை வெறுத்தவர்களுக்கு நல்ல தீனி. ஆனால் கணக்கு மாணவர்களை மட்டுமே எண்ணியிருந்தது, அவர்கள் வகுப்புகளாக உட்கார்ந்திருந்ததை எண்ணவில்லை. ஆசிரியர்கள் இருந்ததோ 37 பேர்தான். 1981-இல் முர்ரே எய்ட்கினும் சக ஆய்வாளர்களும் வகுப்பைக் கணக்கில் சேர்த்து மீண்டும் பார்த்தபோது, 'குறிப்பிடத்தக்கது' என்று சொல்லப்பட்ட வேறுபாடுகள் நிற்கவில்லை. அந்த மறுஆய்வுக் கட்டுரையை எழுதியவர்களில் பென்னட்டும் ஒருவர் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. தன் முடிவைத் தானே மறுபடி உரைத்துப் பார்க்கத் தைரியம் வேண்டும், இல்லையா?

இனி கணக்குக்கு வருவோம். பயப்பட வேண்டாம், பெருக்கல் தெரிந்தால் போதும். கொத்தினுள் ஒட்டுறவு என்று ஒரு எண் உண்டு. ஆங்கிலச் சுருக்கத்தில் ஐசிசி. புள்ளிகளில் இருக்கும் மொத்த வேறுபாட்டில் எவ்வளவு பங்கு வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையிலானது என்பதை அது சொல்லும். வகுப்புகளுக்கு இடையிலான மாறுபாட்டெண் 20, வகுப்புக்குள் மாணவர்களுக்கு இடையிலானது 80 என்று வைத்துக்கொள்வோம். 20-ஐ 100-ஆல் வகுத்தால் ஐசிசி 0.2.

ஒரு வகுப்பில் 24 பேர், மொத்தம் 10 வகுப்பு, 240 மாணவர்கள். புதிய முறை முழு வகுப்புக்கும் கொடுக்கப்படுகிறது. லெஸ்லி கிஷ் பரவலாக்கிய சூத்திரம் இதுதான்: வகுப்பின் அளவிலிருந்து ஒன்றைக் கழித்து, ஐசிசியால் பெருக்கி, ஒன்றைக் கூட்டு. 23 பெருக்கல் 0.2, கூட்டல் 1, விடை 5.6. உங்கள் 240 பேர் உண்மையில் 240-ஐ 5.6-ஆல் வகுத்த அளவுக்குத்தான் செய்தி தருகிறார்கள். சுமார் 43 பேர்! திட்டப்பிழை 5.6-இன் வர்க்கமூலம், அதாவது சுமார் 2.4 மடங்கு பெரிதாக வேண்டும். சாதாரண ரிக்ரெஷனில் டி-மதிப்பு 3 என்று மின்னியது இப்போது 1.27 ஆகிவிடும். மின்னியதெல்லாம் போச்சு.

அதே 240 பேர், வகுப்புக்கு 8 பேர் வீதம் 30 வகுப்பில் இருந்தால்? 7 பெருக்கல் 0.2, கூட்டல் 1, விடை 2.4. 240-ஐ 2.4-ஆல் வகுத்தால் 100 பேருக்குச் சமம். இடைநிலைப்பள்ளித் தமிழ் வகுப்பில் ஏழெட்டுப் பேர்தான் இருக்கிறார்கள் என்று நாம் வருந்துகிறோமே, ஆய்வுக்கு அது பலவீனமே இல்லை. பல பள்ளிகளிலிருந்து சின்னச் சின்னக் குழுக்களைச் சேர்த்தால் பெரிய வகுப்புகள் சிலவற்றைவிட அதிகம் தெரிந்துகொள்ளலாம்.

மென்பொருளில் எப்படிச் செய்வது? முதலில் தரவுத் தாள். ஒரு மாணவருக்கு ஒரு வரி. முன்தேர்வுப் புள்ளி, பின்தேர்வுப் புள்ளி, முறை, குழுக் குறியீடு, பள்ளிக் குறியீடு. குழு என்றால் வருகைப் பதிவேட்டில் உள்ள வகுப்பு அல்ல. நம் பள்ளிகளில் மூன்று நான்கு வகுப்பிலிருந்து மாணவர்கள் எழுந்து வந்து தமிழுக்கு ஒன்றாக உட்காருகிறார்கள். அந்தக் கூட்டம்தான் குழு. இன்னொரு கண்ணி: எல்லாப் பள்ளியிலும் முதல் குழுவுக்கு '1' என்று எண் கொடுத்துவிடுகிறோம். ஜொகூர் பாருவின் '1'-ம் குளுவாங்கின் '1'-ம் ஒரே குழு என்று கணினி நினைத்துக்கொள்ளும். 101, 201 என்று பள்ளிக்குப் பள்ளி வேறுபடுத்துங்கள். இந்தத் தவறைக் கணினி சிவப்பு எழுத்தில் சொல்லாது, அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

எஸ்பிஎஸ்எஸ்-இல் 'அனலைஸ்' பட்டியலில் 'மிக்ஸ்ட் மாடல்ஸ்', அதற்குள் 'லீனியர்'. முதலில் திறக்கும் சன்னலில் குழுக் குறியீட்டைச் 'சப்ஜெக்ட்ஸ்' பெட்டிக்குள் போட்டுத் தொடருங்கள். அடுத்த சன்னலில் பின்தேர்வு சார்ந்த மாறி, முறை 'ஃபேக்டர்', முன்தேர்வு 'கோவேரியட்'. 'ஃபிக்ஸ்ட்' பொத்தானை அழுத்தி முறையையும் முன்தேர்வையும் சேருங்கள். பிறகு 'ராண்டம்' பொத்தான். அங்கே 'இன்டர்செப்ட்' கட்டத்தில் குறியிட்டு, குழுக் குறியீட்டைக் 'காம்பினேஷன்ஸ்' பக்கம் நகர்த்த வேண்டும். இந்தக் கடைசி நகர்த்தலைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் குழு கணக்கில் ஏறாது. 'ஸ்டேட்டிஸ்டிக்ஸ்' பொத்தானில் மதிப்பீடுகளையும் மாறுபாட்டுச் சோதனையையும் கேட்டு வாங்குங்கள்.

நாம் செய்தது என்ன? ஒவ்வொரு குழுவுக்கும் அதற்கே உரிய தொடக்க மதிப்பு இருக்கட்டும், கோட்டின் சாய்வு எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறோம். இதற்குப் பலநிலை மாதிரி என்று பெயர்.

எஸ்பிஎஸ்எஸ் உரிமம் இல்லாதவர்கள் ஜமோவி என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளலாம். அதில் 'கேம்எல்ஜே' துணைத் தொகுப்பைச் சேர்த்தால் கலப்பு மாதிரிப் பகுதி வரும், குழுவைக் 'கிளஸ்டர்' பெட்டியில் போட வேண்டும், ஐசிசியை அதுவே அச்சிட்டுக் கொடுக்கும். புதிதாகத் தொடங்குவோருக்கு நான் சொல்வது இதைத்தான். ஆர் மென்பொருளில் 'எல்எம்இ4' தொகுப்பு இருக்கிறது. அதன் முடிவில் பி-மதிப்பே வராது. கெட்டுப்போய்விட்டதோ என்று பதற வேண்டாம், அதை உருவாக்கியவர்கள் தெரிந்தேதான் விட்டிருக்கிறார்கள். இத்தகைய மாதிரியில் சுதந்திர எண்ணை எப்படிக் கணக்கிடுவது என்பதில் ஒருமித்த விடை இல்லை. வேண்டுமானால் 'எல்எமெர்டெஸ்ட்' தொகுப்பு தோராயமாகத் தரும்.

முடிவுத் தாள் வந்ததும் நேராகப் பி-மதிப்புக்குப் பாயாதீர்கள். மாறுபாட்டு அட்டவணையை முதலில் பாருங்கள். குழுவுக்கான எண், மிச்சத்துக்கான எண். இரண்டையும் கூட்டி, குழு எண்ணை அதனால் வகுத்தால் ஐசிசி. அறிக்கையில் அதை எழுதுங்கள், எத்தனை குழு என்பதையும் எழுதுங்கள். அதன் பிறகு முறையின் மதிப்பையும் திட்டப்பிழையையும் படியுங்கள்.

சரி, என்னைப் போல இரண்டே குழு வைத்திருப்பவர்களுக்கு? உண்மையைச் சொல்கிறேன், எந்த மென்பொருளும் காப்பாற்றாது. ஒரு குழுவுக்கு முழுதும் புதிய முறை, மற்றதற்கு முழுதும் பழைய முறை என்றால், முறையும் குழுவும் ஒரே பொருள். காலைப் பாடமா, ஆசிரியரா, குமிழி வரைபடமா என்று பிரிக்க வழியே இல்லை. கொத்துக்கேற்பத் திட்டப்பிழையைத் திருத்தும் இன்னொரு வழி இருக்கிறது, ஆனால் அதற்கும் முப்பது நாற்பது கொத்தாவது இருந்தால்தான் நம்பலாம். இரண்டு குழு மட்டும் இருந்தால், ஒவ்வொரு குழுவிலும் பாதி மாணவர்களுக்குச் சீட்டுக் குலுக்கிப் புதிய முறை கொடுங்கள். அப்போது ஒப்பீடு குழுவுக்குள்ளேயே நடக்கும். அதுவும் முடியாதென்றால் நடந்ததை விவரித்து எழுதுங்கள். அதுவும் பயனுள்ள அறிக்கைதான், 'எல்லாப் பள்ளிக்கும்' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள்.

கொத்துக்குள்ளேயே ஒப்பிடுவது எவ்வளவு நல்லது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது. அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். கோவிட் கதவடைப்புக்குப் பிறகு, 2021 டிசம்பரில் எழுதிய பிள்ளைகளை, அதே கிராமங்களில் 2019-இல் அதே வயதிலிருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள். கணிதத்தில் 0.73 திட்டவிலக்கம், மொழியில் 0.34 திட்டவிலக்கம் பின்தங்கல். பள்ளி திறந்த ஆறு மாதத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு ஈடாகிவிட்டது. அந்த மீட்சியில் சுமார் 24 விழுக்காடு மாலை நேர வகுப்புத் திட்டத்தால் வந்தது. ஒரு கிராமத்தை இன்னொரு கிராமத்தோடு ஒப்பிட்டிருந்தால், கதவடைப்பின் பாதிப்பும் ஊருக்கு ஊர் உள்ள வேறுபாடும் கலந்துபோயிருக்கும்.

நம் நாட்டுத் தரவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மலேசியா 1999 முதல் பங்கேற்கும் டிம்ஸ் ஆய்வில் முதலில் பள்ளி, பிறகு முழு வகுப்பு என்றுதான் படிவம் இரண்டு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பள்ளி, வகுப்புக் குறியீடுகளோடு அந்தத் தரவை இலவசமாக இறக்கிப் பயிற்சி செய்யலாம். எடையிடுதல் போன்ற தனி விதிகள் உண்டு, கையேட்டைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

இன்னும் ஒன்று. நம் மாணவர்கள் ஒரே நேரத்தில் இரண்டு கொத்தில் இருக்கிறார்கள்: இப்போதைய இடைநிலைப்பள்ளி, முன்பு படித்த தமிழ்ப்பள்ளி. ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதித் தரவு ஒன்று பாடநூல்களில் அடிக்கடி வரும். 3,435 மாணவர்கள், 148 தொடக்கப்பள்ளிகள், 19 இடைநிலைப்பள்ளிகள். பதினாறு வயதுத் தேர்வு முடிவில் தொடக்கப்பள்ளிகளுக்கு இடையே இருந்த வேறுபாடு இடைநிலைப்பள்ளிகளுக்கு இடையே இருந்ததைவிடப் பெரிது. எஸ்பிஎம் முடிவு வந்ததும் மார்தட்டிக்கொள்ளும் என்னைப் போன்றவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஜொகூரில் அப்படித்தானா? பார்த்தால்தான் தெரியும்.

அதற்கு வேண்டியது, நாம் ஒவ்வொருவரும் எக்செல் தாளில் இரண்டு பத்தி கூடுதலாக வைப்பதுதான்: தமிழ்க் குழுக் குறியீடு, படித்த தொடக்கப்பள்ளி. மாணவர் பெயர் வேண்டாம், எண் போதும். மூவார், பத்து பகாட், சிகாமட், குளுவாங், கோத்தா திங்கி என்று பத்துப் பள்ளி ஆசிரியர்கள் ஒரே கட்டுரைத் தலைப்பை, ஒரே மதிப்பீட்டு அட்டவணையோடு கொடுத்தால் முதல் கணக்கைத் தொடங்கிவிடலாம். என் தோழி தயார் என்று சொல்லிவிட்டார். இந்த முறை அவர் குழு பழைய முறையில் இருக்க வேண்டுமாம்.