உங்களுக்குத் தெரியுமா? வாத்துக்குச் சட்டை, கருடனுக்கு வேட்டி

1934இல் திரைக்கு வந்த டொனால்ட் டக்குக்கு மாலுமிச் சட்டை உண்டு, கீழே ஒன்றுமில்லை. (குளித்துவிட்டு வந்தால் மட்டும் ஏனோ இடுப்பில் துண்டு!) நம்மூர் வழக்கம் நேர்மாறு. மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையாருக்கு யானைத் தலை, இடுப்பில் வேட்டி, சட்டை கிடையாது. ஸ்ரீரங்கம் பெரிய கோயிலில் ரங்கநாதரைப் பார்த்து அமர்ந்திருக்கும் கருடாழ்வாரும் அப்படித்தான். உட்கார்ந்திருக்கும்போதே அண்ணாந்து பார்க்க வேண்டிய உருவம். எட்டு முழ வேட்டியெல்லாம் எந்த மூலைக்கு?

நகைதான் இன்னும் வேடிக்கை. பாம்புகளின் பரம்பரைப் பகையாளியான கருடன், தியான சுலோகத்தின்படி அணிவது எட்டு நாகங்களை. வாசுகி பூணூல், தட்சகன் அரைஞாண், கார்க்கோடகன் மாலை, அனந்தன் இடக்கைக் கடகம். பத்மனும் மகாபத்மனும் காதுக்கு ஒன்றாகத் தொங்குகிறார்கள்.