பழைய பாலன் குடிலும் புதிய விளக்குச் சரமும்: திருகோணமலை வீடுகளில் நத்தார் அலங்காரம்

டிசெம்பர் பிறந்ததும் திருகோணமலையில் கிறிஸ்தவ வீடுகளின் அலுமாரிகளுக்கு மேலிருந்து பழைய பெட்டிகள் கீழே இறங்குகின்றன. அதே நாட்களில் நகரக் கடைகளில் பிளாஸ்டிக் மரங்களும் எல்இடி விளக்குச் சரங்களும் மினுங்கும் பந்துகளும் வந்து குவிகின்றன. கை உடைந்த இடையன் சிலையை இந்த முறையும் வைக்க வேண்டும் என்பார் அம்மம்மா. எல்லாவற்றையும் புதிதாக வாங்கலாம் என்பார்கள் பிள்ளைகள். இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. இரண்டையும் ஒரே வீட்டில் அழகாகவும் ஆபத்தில்லாமலும் சேர்த்து வைக்க முடியும்.

கலப்பு புதிதல்ல

நாம் பழையது என்று சொல்பவையும் ஒரு காலத்தில் வெளியிலிருந்து வந்த புதியவையே. ‘நத்தார்’ என்ற சொல்லே போர்த்துக்கேய மொழியின் ‘நத்தால்’ என்பதிலிருந்து வந்தது. பாலன் குடில் வைக்கும் வழக்கத்தை 1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சியோ என்ற ஊரில் அசிசியின் புனித பிரான்சிஸ் தொடங்கிவைத்தார் என்பது கத்தோலிக்க மரபு. நத்தார் மரம் ஜேர்மனியில் பரவிய வழக்கம். மரத்துக்கு மின்விளக்கு போட்டது 1882இல் நியூயோர்க்கில். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று மாறி மாறி வந்துபோன துறைமுகம் எங்களுடையது. 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாகவும் இருந்தது. வந்தவற்றை எங்கள் வீடுகள் அப்படியே வைத்திருக்கவில்லை. பைன் மரத்தின் இடத்தில் சவுக்கு நின்றது. குடிலுக்குக் கிடுகுக் கூரை வந்தது, தரைக்கு வைக்கோலும் கடற்கரை மணலும் வந்தன. வெசாக் கூடு கட்டுவது போலவே மூங்கில் சலாகையும் மெல்லிய நிறத்தாளும் கொண்டு நட்சத்திரக் கூடுகள் கட்டப்பட்டன.

ஏன் பழையவை குறைவு

இன்னொரு நகரத்தில் பழைய அலங்காரப் பொருள் வெறும் பழைய பொருளாக இருக்கலாம். இங்கே அப்படியல்ல. போர்க் காலத்தில் பல தடவை இடம்பெயர்ந்த குடும்பங்கள் பிள்ளைகளையும் அடையாள அட்டைகளையும்தான் எடுத்துச் சென்றன; நத்தார் பெட்டியை யார் தூக்குவது? பிறகு 2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, ஆழிப்பேரலை வந்தது. நத்தாருக்கு மறுநாள் என்பதால் குடிலும் மரமும் நட்சத்திரமும் வீடுகளில் வைத்தபடியே இருந்தன. கரையோர வீடுகளில் பெட்டிக்குள் திரும்பிப் போக முடியாமலே அவை போயின. ஆகவே இன்று ஒரு வீட்டில் முப்பது நாற்பது வருடத்துச் சிலையொன்று மிஞ்சியிருக்கிறது என்றால், அது இவ்வளவையும் கடந்து வந்திருக்கிறது. அதைக் குப்பையில் போடுவதற்கு முன் ஒருமுறை யோசிக்க வேண்டும்.

எப்படிச் சேர்ப்பது

முதலில் ஓர் இடத்தை முக்கிய இடமாகத் தெரிவு செய்யுங்கள். பெரும்பாலும் அது குடிலாகவே இருக்கும். பழையவற்றை அங்கே வையுங்கள். புதியவை வாசல், ஜன்னல், மரம் என்று சுற்றியிருக்கட்டும். பழையதையும் புதியதையும் எல்லா இடத்திலும் சரிசமமாகத் தூவினால் இரண்டுமே கண்ணில் படாது.

சிலைகள் ஒரே அளவில் இல்லை என்பது பலரின் கவலை. பெரியவற்றை முன்னாலும் சிறியவற்றைப் பின்னால் சற்று உயரத்திலும் வைத்தால், சிறியவை தூரத்தில் நிற்பதுபோல் தெரியும். மூன்று ஞானிகளில் ஒருவர் தொலைந்துபோயிருந்தால் புதியவர் ஒருவரை வாங்கிச் சேர்க்கலாம். மூவரும் வேறு வேறு தேசத்தவர் என்பதுதானே மரபு. ஒருவர் மட்டும் வேறுமாதிரி இருந்தால் குறையில்லை.

நிறங்களை இரண்டு மூன்றுக்குள் அடக்குங்கள். மங்கிப்போன பழைய சாயத்துக்கு இளமஞ்சள் ஒளி பொருந்தும். நீலம் கலந்த வெள்ளை ஒளி அதை மேலும் வெளிறக் காட்டும். குடிலுக்கு அருகில் உள்ள சரத்தை மின்னி மின்னி அணையாமல் நிலையாக எரிய விடுங்கள். மரத்தில் பாரமான பழைய கண்ணாடிப் பந்துகளைக் கிளையின் அடிப்பக்கத்திலும், இலேசான பிளாஸ்டிக் பந்துகளை நுனியிலும் கட்டுங்கள். குடிலின் முன்னால் சிரட்டையில் ஊறவைத்த பயறை நான்கைந்து நாட்களுக்கு முன் தூவிவிட்டால் நத்தாருக்குப் பச்சைப் பயிர் தயார். முன்பு தபாலில் வந்த வாழ்த்து மடல்கள் இருந்தால் நூலில் கோத்துச் சுவரில் தொங்கவிடலாம். இப்போது வாழ்த்துகள் கைப்பேசிக்கே வருவதால், அந்தக் கையெழுத்துகளைப் பிள்ளைகள் பார்க்க வேறு வழியில்லை.

சேர்க்கக் கூடாதவை

பழையது என்பதற்காக எல்லாவற்றையும் பாவிக்க முடியாது. முக்கியமாக விளக்குகள். பழைய சரங்களில் சிறு பல்புகள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். வீட்டு மின்சாரமான 230 வோல்ட் அவற்றுக்கிடையே பங்கிடப்படும். ஒன்று எரிந்துபோனால் அதை விட்டுவிட்டு வயரை முறுக்கி ஒட்டுவது நம்மவர் பழக்கம். அப்படிச் செய்யும்போது மிச்சப் பல்புகள் ஒவ்வொன்றுக்கும் போகும் மின்னழுத்தம் கூடுகிறது, சூடும் கூடுகிறது. காய்ந்த சவுக்கும் வைக்கோலும் பக்கத்தில் இருந்தால் மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. உப்புக் காற்றில் செம்புக் கம்பி களிம்பேறுவதும், மேலுறை வெடிப்பதும் இங்கே சாதாரணம். எனவே பழைய சரத்தை ஓய்வுபெற விடுங்கள். 100 பல்புகள் கொண்ட பழைய சரம் ஏறத்தாழ 40 வாட் எடுக்கும். அதே அளவு எல்இடி சரத்துக்கு 5 வாட் அளவு போதும். வாசலுக்கு வெளியே மழையில் நனையக்கூடிய இடத்தில், வெளிப்பாவனைக்கு என்று குறிக்கப்பட்ட சரத்தை மட்டும் போடுங்கள். வீட்டின் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

இன்னொன்று, மிகப் பழைய வெள்ளி இழைகள். 1970களுக்கு முந்தியவற்றில் ஈயம் கலந்திருக்கக்கூடும். பாரமாக, மங்கிய சாம்பல் நிறத்தில், வளைத்தால் வளைந்தபடியே நிற்கும் இழையென்றால் சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் அதை வெளியே எடுக்க வேண்டாம்.

அடுத்த வருடத்துக்காக

வாடைக்காற்று மழையில் எடுத்து மழையிலேயே திரும்பக் கட்டி வைப்பதுதான் எங்கள் பொருட்கள் பழுதாவதற்கு முதற்காரணம். சாந்துச் சிலைகள் ஈரத்தை உறிஞ்சும். அவற்றைக் கழுவாமல் காய்ந்த தூரிகையால் தூசு தட்டுங்கள். வெயில் வரும் ஒரு நாள் பார்த்து, காற்றாட வைத்த பிறகு பழைய பருத்தித் துணியில் சுற்றுங்கள். பத்திரிகைத் தாளின் மை சிலையில் ஒட்டும். கடதாசிப் பெட்டியைக் கறையான் தேடி வரும். மூடி இறுகிய பிளாஸ்டிக் பெட்டியோ பிஸ்கட் தகரமோ நல்லது.

பெட்டிக்குள் ஒரு சிறு தாளும் வையுங்கள்: எந்தச் சிலை யாருடையது, எந்த வருடம் வாங்கியது, எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்கு வந்தது. சொல்லத் தெரிந்தவர் இருக்கும்போதே எழுத வேண்டிய விடயம் இது.

டிசெம்பர் 26 காலை 9.25க்கு நாடு முழுவதும் இரண்டு நிமிட மௌனம் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்த இரண்டு நிமிடமும் புதிய விளக்குகளை அணைத்துவிட்டு, பழைய குடிலின் முன் ஒரு மெழுகுதிரியை மட்டும் ஏற்றி வைக்கலாம். அதற்குச் செலவொன்றும் இல்லை. அந்த நாளை அறியாத பிள்ளைகள் ஏனென்று கேட்பார்கள். அப்போது அந்தக் கை உடைந்த இடையனின் கதையையும் சொல்லுங்கள்.