ஆடி மாதம், 35 ஆயிரம் அடி உயரம்!

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து சிங்கப்பூர் சாங்கி விமான நிலையம் சுமார் 2,900 கிலோமீட்டர். ஜெட் விமானம் மணிக்கு 850 கிலோமீட்டர் பறக்கும். வகுத்துப் பார்த்தால் மூன்றரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் டிக்கெட்டில் நாலு மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கிறதே! மிச்ச நேரம் எங்கே போகிறது? வாருங்கள், உள்ளே நுழைந்து பார்த்துவிடலாம்.

விமானக் கம்பெனியின் கணக்கு, சக்கரம் தரையை விட்டு எழும்போது தொடங்குவதில்லை. நின்ற இடத்தை விட்டு நகர்ந்ததுமே தொடங்கி, சாங்கியில் போய் நிற்கும்வரை ஓடுகிறது. ‘பிளாக் டைம்’ என்பார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, வளைந்து வளைந்து இறங்குவது எல்லாம் இதில் அடக்கம்.

அடுத்தது டிஸ்பாட்சரின் மேஜை. எனக்கு மிகவும் பிடித்த இடம்! விமானம் கிளம்புமுன்பே முழுப் பயணத்தையும் கணக்கில் பறந்து முடித்துவிடுகிறவர் இவர். எந்த வழி, எவ்வளவு எடை, சாங்கியில் இறங்க முடியாவிட்டால் எந்த ஊர், அங்கே போக எவ்வளவு எரிபொருள், அதற்கும் மேல் அரை மணி நேரம் வட்டமடிக்க எவ்வளவு... உயரத்துக்கும் முறை உண்டு. கிழக்கே போகிறவர்களுக்கு வழக்கமாக 33, 35, 37 ஆயிரம் அடி. மேற்கே வருகிறவர்களுக்கு 34, 36, 38. எதிரெதிராகப் பறப்பவர்களுக்கு நடுவே ஆயிரம் அடி!

ஆனால் அவர் விட்டு விலகாமல் பார்ப்பது காற்று வரைபடத்தைத்தான். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோமே, அந்தக் காற்று மேற்கிலிருந்து வருவது. அதே ஆடியில், அதே சென்னைக்கு மேலே, மேகங்களையும் தாண்டிய உயரத்தில், காற்று நேரெதிராகக் கிழக்கிலிருந்து பாய்கிறது! இந்திய வானிலை விஞ்ஞானி கோடேஸ்வரம் 1958இல் கட்டுரை எழுதி உலகுக்கு விளக்கிய ஜெட் காற்று இது. அதன் நடுப்பகுதி 14 கிலோமீட்டருக்கும் மேலே இருக்கிறது; நம் விமானம் அதன் அடிப்பகுதிக்குள் நுழைந்துதான் போகவேண்டும். 50 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்று வீசினால் ஏறக்குறைய 13 நிமிடம் கூடிவிடும். திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்துவிடும்!

கைக்கடிகாரம் செய்யும் வேடிக்கை தனி. இரண்டு ஊர்களுக்கும் சூரியக் கணக்கில் வித்தியாசம் சுமார் 95 நிமிடம்தான். கடிகாரமோ இரண்டரை மணி நேரம் காட்டுகிறது. 1982 ஜனவரி 1 அன்று சிங்கப்பூர் மலேசியாவோடு சேர்ந்து கடிகாரத்தை இன்னும் அரை மணி நேரம் முன்னே தள்ளிவைத்துக்கொண்டது. அங்கே ஏழு மணிவாக்கில்தான் விடிகிறது என்றால் காரணம் இதுதான்.

ஆடியில் சிங்கப்பூர் போகிறீர்களா? இருக்கைக்கு முன்னால் திரை இருந்தால், நடுக்கடலில் விமானத்தின் தரைவேகத்தைப் பாருங்கள். போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை குறித்துவைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதிதான், ஏறக்குறைய, அந்தக் காற்றின் வேகம்.