தெளிக்கத் தெளிக்கப் பெருகும் தத்தி: வயலின் காவலர்களை அழிப்பது யார்?

கதிர் முற்றும் தறுவாயில், பச்சைப் பசேலென நின்ற வயலின் நடுவே வட்ட வட்டமாக நெற்பயிர் மஞ்சளித்து, சில தினங்களுக்குள் தீ வைத்தாற்போல் கருகிக் காய்ந்து விடுவதை நமது விவசாயிகள் நன்கறிவர். விவசாயத் திணைக்களம் கபிலநிறத் தத்தி என்றும் கிழக்கிலங்கை விவசாயிகள் அறக்கொட்டியான் என்றும் அழைக்கின்ற சிறு பூச்சியே இதற்குக் காரணமாகும். நகையை அடகு வைத்தும் கடன்பட்டும் விதைத்தவர் அவ்வேளையில் கிருமிநாசினிக் கடையை நோக்கி ஓடுவதை எவரும் குறை கூற முடியாது. ஆயினும், கடந்த அரை நூற்றாண்டு கால ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்ப உணர்த்தி வரும் உண்மையொன்றுண்டு. இத்தத்தி பெருகுவதற்கு, அதனைக் கொல்வதற்காக நாம் வாங்கும் நஞ்சே பல சந்தர்ப்பங்களில் காரணமாகி விடுகின்றது என்பதே அது.

இதனை விளங்கிக் கொள்வதற்கு முதலில் அப்பூச்சியின் வாழ்வை அறிந்து கொள்ள வேண்டும். மூன்று, நான்கு மில்லிமீற்றர் நீளமே கொண்ட இத்தத்தி, பயிரின் அடிப்பகுதியில், நீர்மட்டத்திற்குச் சற்று மேலே கூட்டமாக ஒட்டியிருந்து சாற்றை உறிஞ்சுகின்றது. பெண் தத்தி இலைமடலைக் கீறி அதனுள்ளே சில நூறு முட்டைகளை இடுகின்றது. முட்டையிலிருந்து வெளிவரும் அணங்குகள் ஐந்து பருவங்களைக் கடந்து நிறைவுடலிகளாகின்றன. ஏறத்தாழ ஒரு மாத காலத்துள் ஒரு தலைமுறை பூர்த்தியாகி விடுவதால், ஒரே போகத்தில் சில தலைமுறைகள் உருவாகி விடுகின்றன.

தத்திகளில் நீண்ட சிறகுடையவை, குறுகிய சிறகுடையவை என இரு வகையுண்டு. முன்னையவை தொலைவிலிருந்து பறந்து வந்து வயலில் குடியேறுகின்றன. பின்னையவை பறப்பதில்லை, மாறாக அதிக முட்டைகளை இடுகின்றன. எச்சிறகு வளர வேண்டும் என்பதைத் தத்தியின் உடலிலுள்ள இரு இன்சுலின் வாங்கிகளே தீர்மானிக்கின்றன என்பதைச் சீன விஞ்ஞானிகள் 2015 ஆம் ஆண்டு கண்டறிந்தனர். உணவு வளமாக உள்ளபோது தங்கிப் பெருகவும், பயிர் முதிர்ந்து கெட்டதும் சிறகு முளைத்து அடுத்த வயலுக்குப் பறக்கவும் வல்ல எதிரியே நமது பயிரில் குடிகொண்டிருக்கின்றது.

இத்தகைய பூச்சி ஏன் எல்லா வயல்களையும் எல்லாப் போகங்களிலும் அழித்து விடுவதில்லை? அதற்கு நாம் சம்பளம் கொடுக்காத காவலர்களே காரணம். நீரின் மேலும் பயிரின் அடியிலும் ஓடித்திரியும் ஓநாய்ச் சிலந்திகள் தத்திகளைப் பிடித்துத் தின்கின்றன. மிரிட் எனப்படும் சிறிய பச்சை மூட்டுப்பூச்சி, இலைமடலினுள் மறைந்திருக்கும் முட்டைகளைத் தேடி உறிஞ்சுகின்றது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒட்டுண்ணிக் குளவிகள் அம்முட்டைகளுக்குள் தமது முட்டைகளை இட்டு அவற்றை அழிக்கின்றன. ஊசித்தும்பிகளும் தம் பங்கிற்கு வேட்டையாடுகின்றன.

விதைத்த சில வாரங்களில், தத்தி வருவதற்கு முன்னரே, இக்காவலர்கள் எதை உண்டு வயலில் நிலைத்திருக்கின்றன என்ற கேள்வி எழுவது இயல்பு. ஜாவாத் தீவின் வயல்களில் மேற்கொள்ளப்பட்டு 1996 இல் வெளியான ஆய்வொன்று இதற்கு விடை தந்தது. வயற்சேற்றில் அழுகும் வைக்கோலையும் நீரிலுள்ள நுண்ணுயிர்களையும் உண்டு, நுளம்பை ஒத்த ஆனால் கடிக்காத சிறு ஈக்களும் வேறு நுண்பூச்சிகளும் போகத்தின் ஆரம்பத்திலேயே பெருந்தொகையாகத் தோன்றுகின்றன. பயிருக்கு எவ்விதத் தீங்கும் செய்யாத இவற்றை உண்டே சிலந்திகள் முன்கூட்டிப் பெருகித் தத்தியின் வரவுக்காகக் காத்திருக்கின்றன.

நாம் செய்வது என்ன? விதைத்து இருபது, முப்பது நாட்களுக்குள் இலையில் சிறு சேதத்தைக் கண்டவுடன், அல்லது எதையும் காணாமலேயே ஒரு முற்காப்பாக, முதலாவது கிருமிநாசினியைத் தெளித்து விடுகின்றோம். அந்நஞ்சு சிலந்தியையும் மிரிட்டையும் குளவியையும் அவற்றின் உணவையும் சேர்த்தே அழிக்கின்றது. இலைமடலினுள் இருக்கும் தத்தியின் முட்டைகளோ பெரும்பாலும் தப்பி விடுகின்றன. ஒரு வாரத்தின் பின் அவை பொரிக்கும்போது வயலில் காவலர் எவருமில்லை. இதனையே விஞ்ஞானிகள் பீடையின் மீளெழுச்சி என்கின்றனர். சில வகை நஞ்சுகளைக் கொல்லாத அளவில் பெற்ற பெண் தத்திகள், வழமையை விட அதிகமாக முட்டையிடுவதும் ஆய்வுகளில் பதிவாகியுள்ளது.

தத்தி நஞ்சுக்குப் பழகிக் கொள்வதும் மற்றொரு ஆபத்தாகும். ஆசிய நாடுகளில் பெரிதும் நம்பப்பட்ட இமிடாகுளோபிரிட் என்னும் கிருமிநாசினி, 2005 ஆம் ஆண்டளவில் சீனாவில் இத்தத்தியிடம் பலனற்றுப் போயிற்று. அந்நஞ்சைச் சிதைக்கும் நொதியத்திற்குரிய மரபணு, தத்தியின் உடலில் பிரதி பெருகி, மாற்றமடைந்து மிகையாகச் செயற்பட்டதே இதற்குக் காரணம் என்பது 2018 இல் வெளியான ஆய்வில் விளக்கப்பட்டது.

நஞ்சுக்கு மட்டுமன்றி, எதிர்ப்புத் திறனுள்ள நெல்லினங்களுக்கும் தத்தி இவ்வாறே பழகிக் கொள்கின்றது. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவகம் 1973 இல் வெளியிட்ட ஐ.ஆர்.26 என்னும் இனத்தின் எதிர்ப்பைத் தத்திகள் சில ஆண்டுகளுக்குள்ளேயே முறியடித்தன. இவ்விடத்தில் நாம் பெருமையுடன் நினைவுகூர வேண்டிய செய்தியொன்றுண்டு. நீண்ட காலம் நின்று பிடித்த எதிர்ப்புத் திறனை உலகுக்கு வழங்கியவற்றுள் ஒன்று, நமது நாட்டின் பாரம்பரிய நெல்லினமான ரத்து ஹீனட்டி ஆகும். அதிலுள்ள பி.பி.எச்.3 எனப்படும் எதிர்ப்பு மரபணுத் தொகுதியைச் சீன ஆய்வாளர்கள் 2015 இல் பிரித்தறிந்தனர். நாம் விதைப்பதைக் கைவிட்ட நெல், உலகின் நெற்களஞ்சியங்களைக் காக்கும் திறனைத் தன்னுள் வைத்திருந்தது. எனினும் காவலர்கள் அழிக்கப்பட்ட வயலில், எந்தச் சிறந்த இனமும் நெடுங்காலம் தாக்குப்பிடிக்காது என்பதை மறந்துவிடலாகாது.

கொள்கை வகுப்போருக்கும் இதில் பாடமுண்டு. கிருமிநாசினிக்கு மானியத்தை அள்ளி வழங்கிய இந்தோனேசியா, தத்தியினால் பேரிழப்பைச் சந்தித்த பின்னர், 1986 நவம்பரில் ஜனாதிபதிக் கட்டளை மூலம் 57 கிருமிநாசினிகளை நெல்லுக்குப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. 1989 ஆம் ஆண்டளவில் மானியமும் நீக்கப்பட்டது. அதே காலத்தில் விவசாயிகளை வயலிலேயே கூட்டிப் பயிற்றும் வயற் பாடசாலைகள் ஆரம்பமாகின. நெல் விளைச்சல் வீழ்ந்துவிடவில்லை. வியட்நாமின் மீகொங் கழிமுகத்தில் 1994 இல் ஆரம்பிக்கப்பட்ட பிரசாரம், விதைத்து முதல் 40 நாட்களுக்குக் கிருமிநாசினி தெளிக்க வேண்டாம் என்று மட்டுமே கேட்டுக் கொண்டது. இளம்பயிர் இழந்த இலையைத் தானே ஈடு செய்து கொள்ளும் என்பதே அதன் அடிப்படை. அங்கு தெளிப்புகளின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

தாய்லாந்து, சீனா, வியட்நாம் ஆகிய நாடுகளில் வயல் ஓரங்களில் தேன் சுரக்கும் பூச்செடிகளை வளர்த்துச் செய்யப்பட்ட நான்காண்டு ஆய்வின் பெறுபேறுகள் 2016 இல் வெளியாகின. அப்பூக்களின் தேனை உண்டு ஒட்டுண்ணிக் குளவிகள் பெருகியமையால், கிருமிநாசினித் தெளிப்பு 70 சதவீதம் குறைந்தது. விளைச்சல் 5 சதவீதம் உயர்ந்தது.

இவை படிப்படியாக, விவசாயியைப் பயிற்றுவித்துச் செய்யப்பட்டவை. நமது நாட்டில் 2021 மே மாதத்தில் இரசாயன உரங்களுக்கும் பீடைநாசினிகளுக்கும் ஒரே இரவில் விதிக்கப்பட்ட இறக்குமதித் தடை அத்தகையதன்று. விளைச்சலையும் விவசாயியையும் வீழ்த்திய அம்முடிவு அதே ஆண்டு நவம்பரில் கைவிடப்பட்டது. ஆனால் அந்தக் கசப்பான அனுபவத்தைக் காரணங்காட்டி, நஞ்சைக் குறைப்பதே தவறு என்ற முடிவுக்கு வருவதும் தவறாகும். கடும் நச்சுத்தன்மை வாய்ந்த பீடைநாசினிகள் 1995 இலும் என்டோசல்பான் 1998 இலும் நம் நாட்டில் தடை செய்யப்பட்டபோது, விளைச்சல் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. மாறாக, நஞ்சருந்தி இறந்தோரின் தொகை பெரிதும் குறைந்தது.

ஆகவே விவசாயி செய்யக் கூடியவை சிலவுள. தெளிகருவியைத் தோளிலிடுமுன் வயலில் இறங்கிப் பயிரின் அடியைத் தட்டி, நீரில் விழுவன தத்திகளா, சிலந்திகளா என்று பார்க்க வேண்டும். யூரியாவை அளவுக்கு மிஞ்சி இடுவது பயிரைத் தத்திக்கு விருந்தாக்கும். நெருக்கமாக விதைப்பது பயிரடியில் ஈரத்தையும் நிழலையும் கூட்டி அதற்குப் புகலிடம் தரும். தெளித்தே ஆக வேண்டிய நிலை வருமாயின், கடைக்காரர் தருவதை வாங்காது விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையைப் பெற்று, தத்தியிருக்கும் அடிப்பகுதியில் படுமாறு தெளிக்க வேண்டும். அவ்வாலோசனை உரிய வேளையில் வயலுக்கு வந்து சேர்வதை உறுதிப்படுத்துவது அரசின் கடமையாகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இது தனியொருவரால் ஆகும் காரியமன்று. ஒரு கண்டத்தில் ஒருவர் முந்தியும் ஒருவர் பிந்தியும் விதைத்தால், தத்திக்கு ஆண்டு முழுவதும் உணவு கிடைத்துவிடும். சம்மாந்துறையிலும் மன்னார்க் கட்டுக்கரைக்குளத்தின் கீழும் தமிழ், முஸ்லிம் விவசாயிகளின் வயல்கள் அடுத்தடுத்தே உள்ளன. அவர்களுக்கிடையிலான வரம்பைத் தத்தி பார்ப்பதில்லை. அதனால், போக ஆரம்பக் கூட்டங்களில் விதைப்புத் திகதியையும் நீர் விடும் நாளையும் தீர்மானிப்பது போன்றே, முதல் 40 நாட்களுக்குக் கிருமிநாசினியைத் தவிர்ப்பது குறித்தும் விவசாய அமைப்புகளும் வட்டவிதானைமாரும் கூடித் தீர்மானிப்பார்களாயின், அது வரப்போகும் போகங்களுக்கு நல்லதொரு தொடக்கமாக அமையும் என்பதே நமது நம்பிக்கையாகும்.