ஏழு தார் எடுத்தாடா கண்ணு!

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் போதும், நாலு வயதுப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கூடத்தில் நிறுத்தி, "மாமாவுக்கு நூறு வரைக்கும் சொல்லிக் காட்டு" என்று ஆரம்பித்துவிடுவோம். அதுவும் மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டு பிஸ்கட்டோடு ஓடிவிடும். அதே பிள்ளையிடம், தறியில் உட்கார்ந்தபடி ஆயா "ஏழு தார் எடுத்தாடா கண்ணு" என்று கேட்கட்டும். நூல் சுற்றிய தார்க்குச்சிகளை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வந்து நிற்கும். அதில் ஐந்தும் இருக்கலாம், பதினொன்றும் இருக்கலாம்.

பிள்ளை மந்தம் என்று இதற்கு அர்த்தமில்லை. அமெரிக்க உளவியலாளர்கள் ரோஷெல் கெல்மனும் சார்ல்ஸ் கேலிஸ்டலும் 1978-ல் எழுதிய புத்தகத்தில், எண்ணுவதற்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஒரு எண்தான் சொல்ல வேண்டும். எண்களின் வரிசை மாறக் கூடாது. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம். இந்த மூன்றாவது பிடிபடத்தான் பிள்ளைகளுக்கு நாளாகிறது. ஏழு வரை சரியாக எண்ணிய பிள்ளையிடம் "மொத்தம் எத்தனை?" என்று கேட்டால், மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பிப்பது இதனால்தான்.

காஞ்சிபுரத்துத் தறி வீட்டில் எண்ணுவதற்குப் பஞ்சமே இல்லை. உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் நெய்து கோக்கும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா ஓடும்: உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. டிசைனைக் கட்டத்தாளில் கட்டம் கட்டமாக நிரப்பி, ஒரு வரிசைக் கட்டத்துக்கு ஓர் அட்டை என்று துளை போட்டு, தறியின் ஜக்கார்டு பெட்டியில் ஏற்றுவார்கள். பழைய கட்டத்தாள் ஒன்றைப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். மயில்கண்ணில் சிவப்புக் கட்டம் எத்தனை, மஞ்சள் எத்தனை என்று தேடுவதிலேயே அரை மணி நேரம் போய்விடும். மடிசாருக்கான ஒன்பது கஜம் என்பது பதினெட்டு முழம். அதை ஆயா ஒருமுறை தன் கையால் முழம் போடட்டும். பிறகு பேரப்பிள்ளை தன் கையால் போடட்டும். பிள்ளையின் கணக்கில் சேலை நீண்டுவிடும். ஏன் என்று அவர்களே சண்டை போட்டுக் கண்டுபிடிக்கட்டும். நாம் குறுக்கே போக வேண்டாம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. இதே ஊரில் பிள்ளைகள் நூல் எண்ணியது விளையாட்டுக்காக அல்ல. கோர்வை நெய்ய எதிர்ப்பக்கத்தில் நாடா தள்ள ஒரு கை வேண்டும். வெகுகாலம் அந்தக் கை ஒரு சிறுவனுடையதாகவோ சிறுமியுடையதாகவோ இருந்தது. குடும்பம் வாங்கிய முன்பணத்துக்காகத் தறியில் கட்டுண்ட பிள்ளைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-ல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது. அதனால் தறியைக் காட்டி எண் சொல்லிக்கொடுக்கிறவர்கள் ஓர் எல்லை வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளை சலித்து எழுந்து ஓடினால் ஓடவிட வேண்டும். "இதை முடித்துவிட்டுப் போ" என்று சொல்லிவிட்டால் அது வேலை.

விளையாட்டென்றால் பல்லாங்குழியை மிஞ்ச ஆளில்லை. 14 குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, ஆக 70. ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போகும்போது ஒரு குழிக்கு ஒரு கொட்டை என்று கை பழகுகிறது. குழியில் நான்கு சேர்ந்ததும் "பசு!" என்று கூவி அள்ள வேண்டும், அப்போது எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லை, பார்த்ததும் நான்கென்று தெரிய வேண்டும். காலிக் குழியைத் துடைத்துவிட்டு அடுத்ததை எடுக்கும்போது சைபரும் விரலில் படுகிறது. கணித மேதை ராமானுஜன் சின்னப் பிள்ளையாகச் சில காலம் இந்தக் காஞ்சிபுரத்தில், தாய்வழிப் பாட்டனார் வீட்டில் வளர்ந்தவர். அம்மா கோமளத்தம்மாளோடு ஆடுபுலி ஆட்டம் ஆடியதாக அவர் வரலாற்றில் வருகிறது. ஆடுபுலி ஆடினால் ராமானுஜன் ஆகலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்; அம்மா உட்கார்ந்து ஆடினார் என்பதைக் கவனித்தால் போதும்.

பரமபதம் ஆடும்போது ஒரு சின்ன மாற்றம் செய்யலாம். 14-ஆம் கட்டத்தில் நிற்கும் பிள்ளைக்கு மூன்று விழுந்தால் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று நகர்த்தாமல் "பதினைந்து, பதினாறு, பதினேழு" என்று சொல்லி நகர்த்த வேண்டும். கட்டத்தில் எழுதியிருக்கும் எண்ணைச் சொல்லிக்கொண்டே நகர்த்தும் பிள்ளைகள்தான் அதிகம் கற்கிறார்கள் என்று லாஸ்கி, சீக்லர் இருவரின் 2014 ஆய்வு காட்டியது.

விளையாட்டு மட்டும் போதும் என்று நம்புகிறவர்களுக்கு டெல்லியிலிருந்து ஒரு எச்சரிக்கை உண்டு. எலிசபெத் ஸ்பெல்கி, எஸ்தர் டஃப்ளோ உள்ளிட்ட குழு, பிரதம் கல்வி அமைப்போடு சேர்ந்து, பள்ளிக்கு முந்தைய பருவப் பிள்ளைகளைக் கணித விளையாட்டுகள் ஆடவைத்தது. 2017-ல் வெளிவந்த முடிவு: பார்வையால் எது அதிகம், எது குறைவு என்று கணிக்கும் திறன் கூடியது, கூடியது நிலைக்கவும் செய்தது, ஆனால் பள்ளிக் கணக்கில் அது உதவவில்லை. விளையாட்டில் வந்த எண்ணிக்கைக்கும் சிலேட்டில் இருக்கும் எண்ணுக்கும் நடுவே யாராவது பாலம் போட வேண்டும். 2022-ல் தமிழக அரசுப் பள்ளிகளுக்கு வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்து, ஆடல் பாடலோடு கற்பிக்கிறார்கள். வகுப்பில் அந்தப் பாலத்தை ஆசிரியர் போடுவார். வீட்டில் நாம்தான் போட வேண்டும், அதற்கு ஒரு சாக்பீஸ் துண்டு போதும்: பசு பிடித்தால் தரையில் 4, காலிக் குழி வந்தால் 0.

ஐந்து வயதுப் பிள்ளையோடு வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்கள், அத்திகிரி ஏறும் 24 படிகளையும் சத்தமாக எண்ணிக்கொண்டே ஏறுங்கள். இறங்கும்போது 24-லிருந்து தலைகீழாக. நூற்றுக்கால் மண்டபத்தில் தூண்கள் நூறுதானா என்ற கேள்வியை எட்டு வயது அக்காவுக்கு விட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் 24 என்று எழுதச் சொல்ல மட்டும் மறக்காதீர்கள்.