இஞ்சி தொலைத்த சகரம்

ஆங்கிலத்தின் ‘ஜிஞ்சர்’ நம் இஞ்சியிலிருந்து போனது என்று மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். செய்தியும் உண்மைதான். எப்படித் தெரியும் என்று கேட்டால் மட்டும், “காதில் கேட்டாலே தெரியவில்லையா?” என்பார்கள். சொல்லாராய்ச்சியில் அந்தச் சாட்சி செல்லாது.

வடகிழக்கு ஆஸ்திரேலியாவில் ம்பபரம் என்றொரு பழங்குடி மொழி இருந்தது. அதில் நாய்க்குப் பெயர் ‘டாக்’. ஆங்கிலத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்றுதானே நினைப்போம்? அம்மொழியைப் பதிவு செய்த ஆர்.எம்.டபிள்யூ. டிக்சன் அண்டை மொழிகளைப் பார்த்தார். யிடின் மொழியில் நாய் ‘குடகா’. சொல்லின் முதல் அசையும் கடைசி உயிரும் உதிர்வது ம்பபரத்தில் வழக்கம். ‘குடகா’ தேய்ந்து தேய்ந்து ‘டாக்’ ஆகியிருக்கிறது. ஆங்கிலத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. நம் ‘ஒன்று’, ஆங்கில ‘ஒன்’ கதையும் இதேதான். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் ‘ஆன்’. இன்றைய உச்சரிப்பு பிற்காலத்தில் வந்தது.

ஆக, ஒலி எந்த வழியாக மாறியது என்று காட்டினால்தான் வழக்கு நிற்கும். இஞ்சியில் அது சுலபமில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் மூலிகைகளைப் பற்றி எழுதிய கிரேக்க மருத்துவர் தியோஸ்கோரிதீஸ் அதை ‘ஸிங்கிபெரிஸ்’ என்கிறார். பாலி மொழியில் ‘சிங்கிவேர’. இரண்டின் பின்பாதியில் இருப்பது நம் ‘வேர்’ என்பது பளிச்சென்று தெரிகிறது. முன்பாதியில்தான் சிக்கல். அங்கே ‘சிங்கி’, இங்கே ‘இஞ்சி’. தொடக்கத்திலுள்ள சகரம் எங்கே போனது?

தமிழ்தான் தொலைத்தது. ஆறு என்ற எண்ணுக்கு நடு இந்தியாவின் கோண்டி மொழியில் ‘சாருங்’ என்கிறார்கள். நாம் ‘ஆயிரம்’ என்பது கன்னடத்தில் ‘சாவிர’. இரண்டுக்கும் மூலம் வடமொழியின் ‘சஹஸ்ர’. சமணரைத் தேவாரம் ‘அமணர்’ என்கிறது. சிறகு, இறகு இரண்டுமே நம்மிடம் உண்டு. தமிழும் அதன் நெருங்கிய உறவு மொழிகளும் சொல் முதலில் வரும் சகரத்தைப் பல சொற்களில் கைவிட்டிருக்கின்றன. ஆக்ஸ்போர்டு பேராசிரியர் தாமஸ் பர்ரோ 1947-இல் இதற்கென்றே ஒரு கட்டுரை எழுதினார். பிற்பாடு மொழியியலாளர் எமனோவுடன் சேர்ந்து திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியை (1961) தொகுத்தவர் அவர்தான். ‘ங்கி’ எப்படி ‘ஞ்சி’ ஆனது என்றும் கேட்கலாம். கன்னடக்காரரின் ‘கிவி’ நமக்குச் ‘செவி’யாக இருப்பதைப் போன்ற மாற்றம்தான் அது, இ, எ பக்கத்தில் வந்தால் பல சொற்களில் ககரம் சகரமாகிவிடும்.

சகரம் அப்படி ஒரேயடியாகவா மறையும்? கோண்டியில் அந்த மாற்றம் நடந்த தடம் இன்னும் கலையவில்லை. உப்பை ஒரு வட்டாரத்தில் ‘சொவர்’ என்பார்கள், இன்னொன்றில் ‘ஹொவர்’, வேறொன்றில் ‘ஒவர்’. சகரம் ஹகரமாகி, ஹகரமும் உதிர்ந்துவிட்டது. இந்தப் படிகளைத் துருவி ஆராய்ந்த பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி, மாற்றம் எல்லாச் சொற்களையும் ஒரே நாளில் பிடிப்பதில்லை, சொல் சொல்லாகத் தொற்றிப் பரவுகிறது என்றார். சிறகும் இறகும் இன்றும் அருகருகே வாழ்வது ஏன் என்பது இதிலிருந்தே விளங்கும்.

வடமொழியில் நடந்தது வேறு வேடிக்கை. அங்கே இஞ்சி ‘சிருங்கவேர’ ஆனது. சிருங்கம் என்றால் கொம்பு. கிளை கிளையாக இஞ்சி முளைத்திருப்பதைப் பார்த்தால் கொம்பு நினைவுக்கு வராமலா இருக்கும்! புரியாத அயல்சொல்லைத் தெரிந்த சொல்லாக வளைத்துப் பொருள் கற்பித்துக்கொள்வது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம். அறிஞர்கள் இதனால்தான் பொருத்தமான விளக்கத்தைக் கண்டால் கொஞ்சம் சந்தேகப்படுகிறார்கள். பாலிக்கு அந்த வளைப்பு இல்லை. கிரேக்க வடிவமும் ‘சிங்கி’யின் இகரத்தோடுதான் ஒத்துப்போகிறது. எனவே சொல் மேற்கே போனது வடமொழி வழியாக அல்ல, பாலியை ஒத்த பிராகிருதம் பேசிய வணிகர் வாய்வழியாக என்று கொள்வதே பொருத்தம். கிரேக்கத்திலிருந்து லத்தீனின் ‘ஸிங்கிபெர்’, பழைய பிரெஞ்சு, ஆங்கிலம். அரபியின் ‘ஸன்ஜபீல்’ குர்ஆனிலேயே இருக்கிறது. மொழியியலாளர் ஏ.எஸ்.சி. ராஸ் 1952-இல் இந்த ஒரு சொல்லுக்காக ஒரு புத்தகமே எழுதினார்.

இதே துணிச்சலோடு ‘ரைஸ்’ நம் அரிசியிலிருந்து போனது என்பவர்களும் உண்டு. அங்கே பாதை அவ்வளவு நேராக இல்லை. கிரேக்கத்தின் ‘ஒருஸா’ ஈரானிய மொழிகளின் வடிவங்களையும் வடமொழி ‘வ்ரீஹி’யையும் நெருங்கி நிற்கிறது. அந்த ‘வ்ரீஹி’யே பழந்திராவிடச் சொல் ஒன்றிலிருந்து வந்ததாக இருக்கலாம் என்று சிலர் கருதுகிறார்கள், மறுப்பவர்களும் இருக்கிறார்கள். இஞ்சிக்கு ‘வேர்’ என்ற பின்பாதி அப்படியே தங்கிவிட்டது. அரிசிக்கு அப்படி ஒரு வால் ஒட்டிக்கொண்டு போகவில்லை.