பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு முன் நம்பர் பிளேட்: துளையிடும் முன் கவனிக்க வேண்டியவை

தோட்டத்துத் துரைமார் ஓட்டிய பிரிட்டிஷ் கார்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை ஒன்று நம்மிடையே உண்டு. அந்த ஆசையில், கையிருப்பைச் செலவழித்துப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிப் புதுப்பிப்பவர்களும் இருக்கிறார்கள். எல்லா வேலையும் முடிந்து காரைச் சாலையில் இறக்கும் நேரத்தில் ஒரு கேள்வி எழும்: முன் நம்பர் பிளேட்டை எங்கே மாட்டுவது?

இதற்கு ஜாகுவார் இ-டைப் நல்ல உதாரணம். 1961-இல் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான இந்தக் காரின் மூக்குப் பகுதி முழுவதும் வளைவுதான். நடுவில் வாய் போன்ற திறப்பு, இரு பக்கமும் மெல்லிய பம்பர். தட்டையான பிளேட் உட்கார இடமில்லை. பிரிட்டனில் பலர் பதிவு எண்ணைப் போனட் மீதே ஒட்டிக்கொண்டனர். அமெரிக்காவின் சில மாநிலங்களில் பின் பிளேட் மட்டும் போதும். மலேசியாவில் முன்னும் பின்னும் பிளேட் கட்டாயம்.

இடம் இருக்கிறதே என்று அந்த வாயின் குறுக்கே பிளேட்டை மாட்டுவது தவறு. ரேடியேட்டருக்குக் காற்று போகும் வழி அதுதான். 1968-இல் வந்த இரண்டாம் வரிசைக் கார்களில், எஞ்சின் குளிர்ச்சிக்காக ஜாகுவார் நிறுவனமே இந்த வாயைப் பெரிதாக்கியது. நம் ஊர் வெயிலிலும் நெரிசலிலும் அதை அடைத்தால் எஞ்சின் கொதிப்பது நிச்சயம்.

போனட்டில் துளையிடுவதும் ஆபத்தே. இ-டைப்பில் இரு பக்க மட்கார்டுகளும் போனட்டோடு சேர்ந்தே திறக்கும். அதனால் அங்கே பழுது பார்ப்பது செலவு பிடிக்கும் வேலை. சாயம் போன துளையின் விளிம்பில் மழைநீர் பட்டால் துரு அங்கிருந்தே தொடங்கும்.

பாதுகாப்பான வழி, வாய்க்குக் கீழே ஒரு பிராக்கெட் பொருத்துவது. முதலில் காருக்கு அடியிலும் பம்பரிலும் ஏற்கெனவே உள்ள போல்ட் துளைகளைத் தேட வேண்டும். அவற்றில் பிடிக்கும்படி மெல்லிய இரும்புத் தகட்டை வளைத்துத் தரும்படி பட்டறையில் கேட்கலாம். உலோகம் உரசும் இடங்களில் ரப்பர் வாஷரும், துருப்பிடிக்காத எஃகு போல்ட்டும் பயன்படுத்த வேண்டும். போனட்டை ஒருமுறை முழுமையாகத் திறந்து மூடி, பிளேட் எங்கும் இடிக்கவில்லை என்று உறுதி செய்த பிறகே போல்ட்டை இறுக்க வேண்டும்.

பிளேட்டின் அளவிலும் கவனம் தேவை. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துகள் 70 மில்லிமீட்டர் உயரமும் 40 மில்லிமீட்டர் அகலமும் இருக்க வேண்டும். ஒட்டும் பிளேட்டை விரும்புவோர், வளைவில் எழுத்து தெளிவாகத் தெரியுமா என்று பார்ப்பதோடு, ஜே.பி.ஜே. அலுவலகத்தில் கேட்டுக்கொள்வதும் நல்லது. டேஷ்போர்டில் பிளேட்டைச் சாய்த்து வைத்து ஓட்டினால் அபராதம் கட்ட நேரிடலாம்.

பிராக்கெட் பிடிக்கவில்லையென்றால் நாளை கழற்றி மாற்றிக்கொள்ளலாம். போனட்டில் போட்ட துளையை அப்படி மாற்ற முடியாது.